கப்பலய்யாவைப் போலீஸ் பிடித்த வருஷம்

எங்கள் ஊரில் அம்மன் கோயில், மாதா கோயில், பள்ளிவாசல் மூன்றும் ஒரே தெருவில் இருந்தன. திருவிழாவுக்கு எங்கே பந்தல் போடுவது, ஒலிபெருக்கியை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று எதை எடுத்தாலும் அந்த மூன்று இடத்துப் பெரியவர்களுக்கும் ஒத்துப்போகாது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மூன்று தரப்புக்கும் ஒரே அபிப்பிராயம். கடற்கரையில் யானை போலப் பருத்து நின்ற ஆனைப்புளி மரத்தடியில் நாங்கள் கும்பிட்டது சாமி இல்லை, பேய்.

நாங்கள் என்றால் அந்த மரத்தைச் சுற்றியிருந்த நாலைந்து ஓலைவீட்டுக்காரர்கள். மண்டபத்திலிருந்து கடலோரமாகவே நடந்து வந்தால் ஊருக்கு முன்னாலேயே எங்கள் வீடுகள் வந்துவிடும். காப்பிரிக் குடி என்று சொல்வார்கள். பறங்கிக்காரன் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் ஏற்றிவந்து மன்னார்ப் பக்கம் இறக்கிய ஆட்களில் ஒருவர், கோட்டைக்குக் கல் சுமந்து சுமந்து வெறுத்துப்போய், கிடைத்த தோணியில் தப்பி இந்தக் கரையில் வந்து ஒதுங்கினாராம். முதலில் அந்த மரத்துப் பொந்துக்குள்தான் ஒளிந்திருந்தாராம். அவருக்கு அவருடைய ஆத்தா என்ன பெயர் வைத்தாள் என்று யாருக்கும் தெரியாது. கப்பலில் வந்ததால் கப்பலய்யா. இங்கேயே பெண் கட்டி, இங்கேயே பிள்ளைகள் பெற்று, அந்த மரத்தடியிலேயே அடங்கிவிட்டார். எங்கள் சுருட்டை முடியும் அட்டைக் கறுப்பு நிறமும் அவர் விட்டுப்போன சொத்து.

அந்தச் சொத்துக்கு ஊரில் நல்ல மரியாதை இருந்தது. பள்ளிக்கூட நாடகத்தில் வருஷா வருஷம் அரக்கி வேஷம் எனக்குத்தான். "இவளுக்குக் கரி செலவு மிச்சம்" என்று வாத்தியார் சொல்லிச் சிரிப்பார். என்னால் பள்ளிக்கூடத்துக்கு ஏதோ லாபம் போலிருக்கிறது என்று நானும் சேர்ந்து சிரிப்பேன். முடிவெட்டுகிறவர் என்னைப் பெற்ற அய்யாவின் தலையில் சீப்பு வைக்க மாட்டார். பல் உடைந்துவிடுமாம். சங்கு குளிக்கப் போகும் தோணியில் மட்டும் அய்யாவை முதல் ஆளாகக் கூப்பிடுவார்கள். அவரைப் போல மூச்சடக்க அந்தக் கரையில் ஆள் கிடையாது. கரையேறிவிட்டால் மறுபடியும் காப்பிரி.

அய்யாவின் அக்காள்தான் என் அத்தை. கருவாடு விற்கிறவள். அவள் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. ஆள் உயரம், குரலும் உயரம். கருவாட்டுக் கூடையோடு தெருமுனையில் அவள் கூவினால் மறுமுனையில் பூனைகள் எழுந்து உட்காரும் என்று அம்மா சொல்வாள். கப்பலய்யா இறங்குவது அத்தை மேல்தான். வாடைக்காற்று ஓய்ந்து மேற்கேயிருந்து கச்சான் காற்று எடுக்கிற சமயத்தில் வருகிற வெள்ளிக்கிழமைகளில் மரத்தடியில் விளக்கு வைப்போம். ஒரே மரத்தைக் குடைந்து, ஒரு பக்கம் மட்டும் தோல் இழுத்துக் கட்டிய கொட்டு ஒன்று எங்களிடம் இருந்தது. நிமிர்த்தி வைத்தால் என் தோளுக்கு வரும். அத்தை அதைக் கொட்டிக்கொண்டே பாடுவாள். பாட்டின் ஒரு அடியை அவள் பாட, மறு அடியை நாங்கள் எல்லோரும் பாட வேண்டும். கொட்டு வேகம் பிடிக்கும்போது அவள் உடம்பு குலுங்கும், கண் மேலே சொருகும், அப்புறம் பேசுவது கப்பலய்யா.

பாட்டில் ஒரு வார்த்தைகூட எங்களுக்குப் புரியாது. நாங்கள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. மாதா கோயிலில் சாமியார் பாடுவதும், அம்மன் கோயிலில் குருக்கள் சொல்வதும், பள்ளிவாசலில் ஓதுவதும் ஊரில் எத்தனை பேருக்குப் புரிந்தது? புரியாத பாஷையில் கும்பிடுவது எங்கள் ஊரில் குற்றமே இல்லை. யாருடைய பாஷை புரியவில்லை என்பதுதான் விஷயம்.

கப்பலய்யாவுக்குப் படைப்பது சுட்ட மீன், சுருட்டு, கள். மதுவிலக்கு வந்து கள் இறக்கக் கூடாது என்று ஆனபோது, அத்தை அவரிடமே விஷயத்தைச் சொல்லிப் பதனிக்குச் சம்மதம் வாங்கிவிட்டாள். கொஞ்சம் முணுமுணுத்தாராம், அப்புறம் சரி என்றாராம். இத்தனைக்கும், பேய் என்று சொன்ன வீடுகளிலிருந்துதான் மரத்தடிக்குப் பெண்கள் வருவார்கள். முக்காட்டை முகம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, கருவாடு வாங்குகிற சாக்கில் வந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் என்பார்கள், கொழும்புக்குப் போன மனுஷனிடமிருந்து சேதியே இல்லை என்பார்கள். அத்தை திருநீறு மாதிரி மரத்தடி மண்ணைக் கிள்ளிக் கொடுப்பாள். மறுநாள் தெருவில் பார்த்தால் அவர்களுக்கு அத்தையைத் தெரியாது.

எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும். அந்த வருஷம் ஊர் ஸ்டேஷனுக்குப் புதிதாக ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். கோயில் பெரியவர், மாதா கோயில் பெரியவர், பள்ளிவாசல் பெரியவர் மூன்று பேரும் ஒன்றாகச் சேர்ந்து போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவர்கள் சேர்ந்து நடந்து போனதே ஊரில் ஒரு வாரப் பேச்சாக இருந்தது. ஒற்றுமைக்கு எங்களால் ஆன உதவி.

காற்று மாறி வந்த முதல் வெள்ளிக்கிழமை. வெயில் தாழ்ந்து, மரத்தின் நிழல் கடல் வரைக்கும் நீண்டிருந்தது. அத்தை கொட்டத் தொடங்கி அப்போதுதான் பாட்டு சூடு பிடிக்கிறது. போலீஸ்காரர்கள் மணலில் பூட்ஸ் புதையப் புதைய வந்தார்கள். பின்னால் இன்ஸ்பெக்டர்.

"எங்கடா கள்ளு?" என்றார் அய்யாவைப் பார்த்து.

"கள்ளு இல்லைங்கய்யா. பதனி."

ஏட்டு பானையை எடுத்து மோந்து பார்த்தார். விரலை விட்டு நக்கியும் பார்த்தார். "பதனிதான் சார்" என்றார். அவர் குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்த மாதிரி இருந்தது. இன்ஸ்பெக்டர் பிரம்பால் ஒரு தட்டுத் தட்டினார். பானை உடைந்து பதனி முழுவதையும் மணல் குடித்தது.

"பதனியோ கள்ளோ, இந்தக் காட்டுக்கூத்து இனிமே இங்க நடக்கக் கூடாது."

"எங்க பாட்டன் காலத்துல இருந்து கும்பிடுறதுங்கய்யா" என்றார் அய்யா.

"உன் பாட்டன் எந்த நாட்டுக்காரன்? மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே. காயிதம் இருக்கா? எல்லாரையும் மண்டபம் கேம்ப்புல கொண்டுபோய் அடைச்சு நாடு கடத்திருவேன், தெரியுமில்ல?"

கடலுக்கு அடியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மூச்சடக்குகிற அய்யா, அன்றைக்குக் கரையில் மூச்சுக்குத் திணறிக்கொண்டு நின்றார். அத்தைதான் கொட்டின் மேலிருந்த கையை எடுக்காமல் பேசினாள்.

"எந்த நாட்டுக்கு அனுப்புவீக எசமான்? அது எந்த நாடுன்னு கண்டுபுடிச்சுச் சொல்லிட்டு அனுப்புங்க. நாங்களும் எம்புட்டுக் காலமாவோ தெரிஞ்சுக்கிறணும்னுதான் இருக்கோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தையின் தோளில் பிரம்பு விழுந்த சத்தம் கேட்டதும் நின்றுவிட்டது. அவள் 'அம்மா' என்றுகூடச் சொல்லவில்லை. அடித்தவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். போலீஸ்காரர்கள் கொட்டுவாத்தியத்தைத் தூக்கினார்கள். கப்பலய்யாவுடையது என்று மரத்தடியில் சாத்தியிருந்த கருங்காலிக் கம்பையும், மரத்தில் தொங்கிக்கொண்டிருந்த அவருடைய இரும்பு வளையத்தையும் எடுத்துக்கொண்டார்கள். ஊர்த் தெரு வழியாகவே அவற்றைக் கொண்டுபோனார்கள். பின்னால் போன பிள்ளைகள் கொட்டுத்தோலைத் தட்டித் தட்டி விளையாடிக்கொண்டே போனதை நான் தூரத்திலிருந்து பார்த்தேன்.

அன்றைக்கு அம்மா அழுதாள். அவள் ராமேஸ்வரத்து மீன்காரக் குடும்பத்துப் பெண். காப்பிரியைக் கட்டியதற்காக அவளுடைய பிறந்த வீடு அவளுக்குக் கதவைச் சாத்தியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கடைசி வரிசையில் போய் நின்றுவிட்டு வருவாள். மரத்தடிப் பக்கம் வந்ததே இல்லை.

"விட்டுருங்க மயினி" என்று அத்தையிடம் கெஞ்சினாள். "போனது போகட்டும். நாடு கடத்திட்டான்னா இந்தப் புள்ளயக் கூட்டிக்கிட்டு எங்கன போறது?"

அத்தை கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. குளித்து, ஈரத்தலையோடு ஓலைப்பெட்டியில் சுட்ட மீனையும் சுருட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, "ஏ புள்ள, வா" என்றாள் என்னிடம்.

"எங்கத்தே?"

"சாமி கும்பிட."

"மரம் அந்தப் பக்கம்ல இருக்கு?"

"மரம் அங்கன இருக்கு. சாமி ஸ்டேஷன்ல இருக்குல்ல?"

ஸ்டேஷன் வாசலில் ஒரு வேப்பமரம் இருந்தது. அத்தை அதன் அடியில் துண்டை விரித்தாள், மீனை வைத்தாள், சுருட்டைப் பற்றவைத்து வைத்தாள், தொடையைத் தட்டிக்கொண்டு பாட ஆரம்பித்தாள். உள்ளேயிருந்து ஏட்டு ஓடி வந்தார்.

"ஏம்மா, இது என்ன கோயிலா?"

"முந்தி இல்ல ஏட்டய்யா. நீங்கதான கொண்டாந்து வச்சீக."

அவர் மேலும் கீழும் பார்த்தார். அதற்கு என்ன சட்டம் என்று அவருக்குத் தெரியவில்லை. போ போ என்றார். அத்தை பாட்டை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் போனோம். அந்தத் தடவை அய்யாவும் வந்தார். மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்துப்போட்டு, முதலில் மெதுவாக, யார் காதிலும் விழக்கூடாது என்கிற மாதிரி தட்டினார். அத்தை திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் பலமாகத் தட்டினார். எங்கள் குடியிலிருந்து மற்ற வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். கேஸ் கொடுக்க வந்தவர்கள் கேஸை மறந்து வேடிக்கை பார்த்தார்கள்.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். முகம் கடுகடுவென்றிருந்தது. அத்தையைப் பிடித்து லாக்கப்பில் போடச் சொன்னார். அய்யா குறுக்கே போனார். அவரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார்கள். நான் அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டேன், விரல்களைப் பிரித்து விலக்கினார்கள். உச்சி வெயில். என் கையில் அவள் சேலை நூல் ஒன்று மிச்சமிருந்தது.

எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கட்டடத்தைச் சுற்றி ஓடினேன். பின்பக்கம் லாக்கப்புக்கு உயரத்தில் ஒரு கம்பி ஜன்னல். "அத்தே" என்று கத்தினேன்.

"ஏன் அழுகுற? இங்கன வந்து பாரு புள்ள" என்றது உள்ளேயிருந்து அவள் குரல். அதில் சந்தோஷம் கேட்டது. "பக்கத்து ரூமுலதான் புடிச்ச சாமானையெல்லாம் போட்டு வச்சிருக்காக. செவுத்துல காத வச்சா கப்பலய்யா மூச்சு விடுறது கேக்குது. நான் வாசல்ல நின்னு கும்பிட்டுக்கிட்டிருந்தேன், நம்மளக் கூட்டியாந்து கருவறைக்குப் பக்கத்துல ஒக்கார வச்சுட்டாக!"

அப்படிச் சொல்லிவிட்டுப் பாட ஆரம்பித்தாள். ஓர் அடி பாடி நிறுத்தினாள். மறு அடி வர வேண்டும். நான் வெளியே நின்று, அழுகை பாதி பாட்டு பாதியாக மறு அடியைப் பாடினேன். அவள் அடுத்ததை எடுத்தாள். முன்பக்கம் அய்யாவின் தகரம் எங்களைக் கண்டுபிடித்துச் சேர்ந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் என் பின்னாலிருந்து இன்னொரு குரலும் மறு அடியைப் பாடியது. திரும்பிப் பார்த்தால் அம்மா. கஞ்சித் தூக்கோடு நின்றுகொண்டிருந்தாள். மரத்தடிக்கு ஒருநாளும் வராத அம்மாவுக்கு, வீட்டுக்குள்ளிருந்தே கேட்டுக் கேட்டு அந்தப் பாட்டு ஒரு சொல் விடாமல் தெரிந்திருந்தது.

ஸ்டேஷனுக்குப் பின்னால்தான் போலீஸ்காரர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். அவற்றில் ஒன்றிலிருந்து ஏட்டின் மனைவி தேங்காயும் சூடமும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஏட்டு பதறிப்போய் ஓடி வந்து வழியை மறித்தார்.

"ஏய், உள்ள போடி. இன்ஸ்பெக்டர் இருக்காரு."

"இருக்கட்டும். நம்ம புள்ள காய்ச்சல்ல கண்ணு சொருகிக் கெடந்தப்ப எந்த மரத்தடிக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனோம்னு அவருகிட்டயும் சொல்லவா?"

ஏட்டு வழிவிட்டார். அவள் ஜன்னலுக்கு நேர் கீழே தேங்காயை உடைத்தாள். "அக்கா, ஏட்டு வீட்டுக்காரி வந்திருக்கேன்" என்று மேலே பார்த்துச் சொன்னாள். உள்ளேயிருந்து, "நல்லா இருப்ப ஆத்தா" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒருத்தியாய் இருவராய்ப் பெண்கள் வந்தார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்ள மறந்து வந்தவர்களும் உண்டு. மாதா கோயில் தெருவிலிருந்து ஒருத்தி மெழுகுவத்தி கொண்டுவந்தாள். கப்பல் வியாபாரி வீட்டு அம்மா ஒருவர் திரைபோட்ட வண்டியிலிருந்து இறங்காமலே ஒரு கட்டுச் சுருட்டைக் கொடுத்தனுப்பினார். ஜன்னலடியில் சூடமும் சாம்பிராணியும் மெழுகுவத்தியும் எரிந்தன. ஸ்டேஷன் முழுக்கப் புகை.

மறுநாள் பெரிய அதிகாரி யாரோ பார்வையிட வருகிறாராம். சாயங்காலம் இன்ஸ்பெக்டர் லாக்கப்பைத் திறக்கச் சொன்னார். எங்களையும் உள்ளே கூப்பிட்டார்கள். கொட்டும் கம்பும் தரையில் கிடந்தன. இரும்பு வளையம் அவர் கையில் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் இருந்த கோபம் இல்லை, களைத்திருந்தார்.

"இது என்ன? உங்க சாமிக்குத் தண்டையா?"

"தண்டை இல்ல எசமான், விலங்கு" என்றாள் அத்தை. "ஒங்ககிட்டயும் இருக்குமே. எங்க பாட்டன் கால்ல கெடந்தது. இங்கன கரையேறுன பொறகு அறுத்து எடுத்ததாம்."

"என்ன குத்தம் பண்ணினான்?"

"ஒண்ணும் பண்ணல. திருடுனவனுக்குத்தான விலங்கு போடுவீக? அவரு திருடல. அவரத் திருடிக்கிட்டு வந்தவன் போட்டது."

இன்ஸ்பெக்டர் வளையத்தை மேஜையில் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார்.

"எடுத்துக்கிட்டுப் போ" என்றார். "கொட்டக் கூடாது. கடற்கரை வழியா சத்தமில்லாமப் போயிரு. தெருப்பக்கம் போகாத."

அத்தை வளையத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "தூக்கியாரும்போது தெரு வழியாத்தான எசமான் தூக்கியாந்தீக? ஊரே பாத்துச்சு. திரும்பிப் போறதையும் பாக்கட்டும்."

அவர் அலமாரிப் பக்கம் திரும்பி ஏதோ தேடத் தொடங்கினார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா கூடாதா என்று அய்யா தயங்கினார். அத்தை தயங்கவில்லை. வெளிக்கதவை ஏட்டு திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

போலீஸ் அதற்குப் பிறகு மரத்தடிக்கு வரவில்லை. நாடு கடத்துகிற பேச்சும் எழவில்லை. பள்ளிக்கூட நாடகத்தில் அரக்கி வேஷம் மட்டும் அடுத்த வருஷமும் எனக்கே வந்தது. அத்தை வாத்தியார் வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டு, "ராணி வேஷம்னா எம்புள்ள வரும், இல்லன்னா வராது" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு வந்தாள். அந்த வருஷம் நான் நாடகத்தில் நடிக்கவில்லை. மரத்தடியில் மறு அடி பாடுவதோடு சரி.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தச் சாயங்காலத்தைத்தான். ஸ்டேஷனை விட்டு இறங்கியதும் கொட்டுவாத்தியத்தை அய்யா ஒரு பக்கமும் பக்கத்து வீட்டு மாமா ஒரு பக்கமுமாகத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அத்தை இடுப்பில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டினாள். கோயிலும் மாதா கோயிலும் பள்ளிவாசலும் இருக்கிற தெருவுக்குள் நுழைந்தோம். அந்தத் தெருவில் எங்கள் கையால் கொட்டிய சத்தம் கேட்டது அதுதான் முதல் தடவை. நுழைந்ததுமே முதல் வீட்டின் கதவைச் சாத்தினார்கள். அப்புறம் அடுத்த வீடு. அதற்கு எதிர்வீடு. ஜன்னல் கதவுகளும் சாத்திக்கொண்டே வந்தன. பகலில் சூடம் கொண்டுவந்தவர்களின் வீடுகளும் அவற்றில் இருந்தன. தேர் வரும்போது வாசலில் கிடக்கும் கட்டிலையும் சைக்கிளையும் உள்ளே இழுத்துப்போட்டு வழிவிடுவார்கள் அல்லவா, அதுபோலக் கப்பலய்யாவுக்கும் தெருவே ஒதுங்கி மரியாதை செய்கிறது என்று நினைத்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாத்திய ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் அத்தை நின்றாள். அவள் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். கதவுப் பலகை அதிரும்வரை ஒரு சுற்று முழுதாகக் கொட்டி முடித்துவிட்டுத்தான் அடுத்த வாசலுக்கு நகர்ந்தாள். அய்யாவின் முகமெல்லாம் வியர்வை. அம்மா என் கையை நசுங்கப் பிடித்திருந்தாள், பாட்டை மட்டும் விடவில்லை. அந்த வீட்டுக்காரர்களுக்கெல்லாம் அத்தை ஆசீர்வாதம் கொடுத்துக்கொண்டு போகிறாள் என்று நான் நினைத்தேன். அவள் கொட்டி முடிக்கிற ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும், பிடித்திருந்த கையை அம்மாவிடமிருந்து உருவிக்கொண்டு, இந்த வீட்டில் எல்லோரும் நல்லா இருக்கணும் கப்பலய்யா என்று கைகூப்பி வேண்டிக்கொண்டே போனேன்.